வீட்டில் நிறுத்த இடமில்லாதவருக்குத் தெருவிலேயே மின்சாரம்
லண்டன் விளக்குக் கம்பங்களில் நடக்கும் புதிய வியாபாரம்

லண்டன் மாநகரின் தென்பகுதியில் பிரிக்ஸ்டன் என்று ஓர் இடம். அங்குள்ள கடைத்தெரு ஒன்றின் பெயர் ‘எலெக்ட்ரிக் அவென்யூ’. 1880களில் அமைந்த அந்தத் தெருதான் மின்விளக்கு எரிந்த முதல் சந்தைத் தெரு என்பார்கள். பெயரும் அதனால் வந்ததே. இருட்டிய பிறகும் சரக்கைப் பார்த்து வாங்கலாம் என்றால் கூட்டம் எப்படிச் சேரும் என்பதைக் கடை நடத்தும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியைச் சேர்ந்த சதர்லாந்து அவென்யூ என்ற குடியிருப்புத் தெருவுக்கு 2020 மார்ச்சில் அதே பெயரைப் பட்டப்பெயராகச் சூட்டினார்கள். அரை மைல் நீளமுள்ள அந்தத் தெருவின் 24 விளக்குக் கம்பங்களிலும் மின்சாரக் காருக்கு சார்ஜ் ஏற்றும் வசதியை சீமென்ஸ் நிறுவனமும், பெர்லினில் தொடங்கிய யூபிட்ரிசிட்டி என்ற நிறுவனமும் சேர்ந்து பொருத்தின. இந்த யூபிட்ரிசிட்டியை அடுத்த ஆண்டே, 2021-இல், ஷெல் எண்ணெய்க் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. பெட்ரோல் விற்கிறவர் விளக்குக் கம்பத்தை எதற்கு வாங்குகிறார் என்று யோசித்தாலே, இதில் ஏதோ வியாபாரம் இருக்கிறது என்று நமக்குப் புரிந்துவிடும். அந்த வியாபாரம் என்ன, அதில் தெருவோரக் கடைக்காரருக்கு லாபமா நஷ்டமா என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

யாருக்கு இந்தத் தொல்லை?

மின்சாரக் காரைப் பற்றிய விளம்பரங்களில் எல்லாம் ஒரு தனி வீடு, முன்னால் ஒரு முற்றம், சுவரில் ஒரு சார்ஜ் பெட்டி தெரியும். இரவு சொருகிவிட்டுப் படுத்தால் காலையில் வண்டி தயார். ஆனால் பிரிட்டனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பத்துக்கு வீட்டோடு சேர்ந்த வண்டி நிறுத்துமிடமே கிடையாது. லண்டனில் இது பாதிக்கும் மேல். ஒட்டுச் சுவர் வரிசை வீடுகள், அடுக்குமாடிகள், கடைக்கு மேல் மாடியில் குடியிருப்போர் எல்லாரும் இதில் அடக்கம். இவர்கள் காரைத் தெருவில்தான் நிறுத்துகிறார்கள். இன்று வீட்டு வாசலில் இடம் கிடைக்கும், நாளை நாலு வீடு தள்ளிக் கிடைக்கும். மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு நடைபாதைக்குக் குறுக்கே இழுத்தால் போகிறவர் வருகிறவர் தடுக்கி விழுவார்கள். நகரசபையும் சும்மா விடாது.

பிரிட்டனில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் 19.6 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். எண்ணிக்கையில் 3,81,970. இதில் பெரும்பகுதியை வாங்கியவர்கள் சொந்த முற்றம் உள்ளவர்களும் கம்பெனிக் கார் பெறுகிறவர்களும்தான். இனி வாங்க வேண்டியவர் தெருவில் நிறுத்துகிறவர். அவருக்கு வழி செய்யாமல் பாதிக் கடையை இருட்டில் வைத்துக்கொண்டு வியாபாரம் பார்க்க முடியாது என்பது அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது. 2030-க்குள் 3 லட்சம் பொது சார்ஜ் முனைகள் என்பது அவர்கள் வைத்த இலக்கு. 2025 தொடக்கத்தில் இருந்தவை 73,000 சொச்சம். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை லண்டனில் மட்டும்.

கம்பத்தில் எப்படிக் கரண்ட் வந்தது?

தெருவைத் தோண்டிப் புதுக் கேபிள் போட்டு, தனியாக ஒரு சார்ஜ் தூணை நடுவதென்றால் பள்ளம் தோண்ட அனுமதி, மின் இணைப்புக்குக் காத்திருப்பு, திரும்பத் தார் போடும் செலவு என்று நீண்டுகொண்டே போகும். விளக்குக் கம்பத்திலோ கேபிள் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கேபிள் தாங்கக்கூடிய அளவில் விளக்கு இழுப்பது கொஞ்சம்தான். பழைய சோடியம் விளக்கைக் கழற்றி எல்.இ.டி. மாட்டியதும் அதிலும் பாதிக்கு மேல் மிச்சமாயிற்று. அந்த மிச்சத்தைக் கொண்டு கம்பத்தின் அடிப்பாகத்தில் ஒரு சொருகு துளை வைத்தால் ஏறத்தாழ 5 கிலோவாட் வேகத்தில் காருக்குக் கரண்ட் கொடுக்கலாம். நெடுஞ்சாலை ஓரத்து அதிவேக நிலையங்கள் 100, 150 கிலோவாட் தருகின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் இது ஆமை வேகம்தான்.

ஆனால் இரவு முழுக்க நிற்கிற வண்டிக்கு வேகம் எதற்கு? 5 கிலோவாட்டில் 8 மணி நேரம் நின்றால் 40 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால் 240 கிலோமீட்டர் ஓடலாம். நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுகிற சாதாரணக் குடும்பக்காரருக்கு வாரத்தில் ஓர் இரவு கம்பத்தடியில் இடம் கிடைத்தாலே போதும். ஆகவே ஒரு கம்பம் ஐந்தாறு கார்களைச் சமாளிக்கும்.

கேபிள் வண்டிக்காரருடையது. டிக்கியில் வைத்திருந்து அவரே சொருகுவார், அவரே எடுத்துப் போவார். அதிவேக நிலையங்களில் தாமிரத்துக்காகக் கேபிளை அறுத்துப் போகும் திருட்டு அங்கே பெரிய தலைவலி. கம்பத்தில் அறுப்பதற்கு ஒன்றும் தொங்குவதில்லை.

எல்லாக் கம்பமும் உதவும் என்று நினைத்துவிட வேண்டாம். பல தெருக்களில் விளக்குக் கம்பம் சாலை ஓரத்தில் இல்லாமல், நடைபாதையின் உள்பக்கம், வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கிறது. அங்கே கேபிள் நடைபாதையைக் கடந்தாக வேண்டும். அதற்குக் கம்பத்திலிருந்து பூமிக்கடியில் கரண்டைக் கொண்டுவந்து சாலை ஓரத்தில் குட்டித் தூண் ஒன்று நடுகிறார்கள். இன்னொரு வழி, நடைபாதையில் மூடியுள்ள சிறு வாய்க்கால் வெட்டி, வீட்டுக் கரண்டையே அதன் வழியாகக் காருக்குக் கொண்டுபோவது. இப்படி வாய்க்கால் வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்குச் சார்ஜ் பெட்டி வாங்க 350 பவுண்டு வரை மானியம் என்று 2024-இல் அறிவித்தார்கள்.

பணக்காரருக்கு ஒரு விலை, மாடிக்காரருக்கு ஒரு விலை

இந்த விஷயத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது. சற்று நிதானமாகக் கணக்குப் பார்ப்போம்.

2024 நிலவரப்படி பிரிட்டனில் சொந்த முற்றமுள்ளவர் மின்சாரக் காருக்கென்று உள்ள இரவு நேரக் கட்டணத்தில் யூனிட் 7, 8 பென்ஸுக்கு வாங்க முடிந்தது. தெருவில் பொது முனையில் சார்ஜ் ஏற்றுகிறவர் கொடுத்தது 50 பென்ஸும் அதற்கு மேலும். ஒரே கரண்ட், ஒரே தெரு, ஆறு மடங்கு வித்தியாசம்.

வருஷத்துக்கு 11,000 கிலோமீட்டர் ஓடும் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,830 யூனிட் செலவாகும். முற்றக்காரருக்கு 8 பென்ஸ் வீதம் 146 பவுண்டு. தெருக்காரருக்கு 50 பென்ஸ் வீதம் 915 பவுண்டு. அதே தூரத்துக்குப் பெட்ரோல் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 733 லிட்டர் குடிக்கும். லிட்டர் 1 பவுண்டு 40 பென்ஸ் என்றால் 1,026 பவுண்டு. அதாவது முற்றக்காரர் பெட்ரோலை விட்டு வந்தால் 880 பவுண்டு மிச்சம். தெருக்காரருக்கு மிச்சம் 111 பவுண்டு. அந்த 111 பவுண்டுக்காக அவர் அதிக விலை கொடுத்துக் காரை வாங்கி, கம்பத்தடியில் இடம் பிடிக்க அலைவாரா?

இதில் வரியும் சேர்ந்துகொண்டது. வீட்டுக் கரண்டுக்கு மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம். பொது முனையில் விற்கும் கரண்டுக்கோ பல ஆண்டுகளாக 20 சதவீதம் வசூலித்தார்கள். அதை எதிர்த்து அங்குள்ள சங்கங்கள் குரல் கொடுத்து வந்திருக்கின்றன. நம் ஊரில் பொட்டலம் போட்ட அரிசிக்கு ஒரு வரி, சில்லறை அரிசிக்கு வேறு வரி என்றபோது நாம் எழுப்பிய கேள்வி போன்றதே இதுவும். வரியை 5 சதவீதமாக்கினால் 50 பென்ஸில் 6 பென்ஸ் சொச்சம் குறையும். வருஷத்துக்கு 114 பவுண்டு. நல்ல தொகைதான். ஆனால் ஆறு மடங்கு வித்தியாசத்துக்கு வரி மட்டும் காரணம் என்று சொன்னால் அது சரியான கணக்கு ஆகாது. இரவு நேரச் சலுகைக் கட்டணம் வீட்டு மீட்டருக்குப் போய்ச் சேருகிற அளவுக்குத் தெருக் கம்பத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதே பெரிய காரணம். அடுத்த காரணம், கம்பத்தில் போட்ட முதல்.

முதல் யாருடையது?

ஒரு கம்பம் நாளில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஓடுகிறது என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 5 கிலோவாட்டில் 12 யூனிட் விற்பனை. கொள்முதலும் வரியும் போக யூனிட்டுக்கு 15 பென்ஸ் நிற்கிறது என்றால் நாளுக்கு 1 பவுண்டு 80 பென்ஸ். ஒரு தேநீருக்கும் காணாது. இதில்தான் ரிப்பேர், தொலைபேசியில் புகார் கேட்க ஆள், பணம் வாங்கித் தரும் கம்பெனிக்குக் கமிஷன், நகரசபைக்குப் பங்கு எல்லாம் கழிய வேண்டும். நிற்கும் சரக்கு மெதுவாக நகரும் கடை மாதிரி இது. எண்ணிக்கை நூறு, ஆயிரம் என்று சேர்ந்தால்தான் தாங்கும். சின்ன முதலாளி ஒருவர் நாலு கம்பம் எடுத்துப் பிழைக்கக்கூடிய தொழில் அல்ல என்பது என் அபிப்பிராயம்.

அதனால்தான் ஆரம்பத்தில் அரசாங்கப் பணம் தேவைப்பட்டது. 2017-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், தெருவில் வண்டி நிறுத்துவோருக்காக நகரசபைகள் போட்ட முனைகளின் செலவில் பெரும்பகுதியை மத்திய அரசு கொடுத்தது. அதன் பிறகு வந்த உள்ளூர் சார்ஜ் வசதி நிதியில் இங்கிலாந்து நகரசபைகளுக்கு ஒதுக்கியது 381 மில்லியன் பவுண்டு. இப்போது பெரும்பாலும் நடப்பது குத்தகை முறை. கம்பெனி பல ஆண்டுகளுக்குத் தெருவை எடுத்துக்கொண்டு முதல் போடுகிறது, வருமானத்தில் நகரசபைக்குப் பங்கு கொடுக்கிறது. மார்க்கெட் ஏலம் எடுக்கிற முறை நமக்குப் புதிதல்ல. ஏலத் தொகை ஏற ஏற அது கடைசியில் யார் தலையில் விழும் என்பதும் புதிதல்ல.

சில்லறை வாடிக்கையாளரைப் பாதுகாக்க 2023-இல் ஒரு சட்டவிதி வந்தது. விலையை யூனிட்டுக்கு இத்தனை பென்ஸ் என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. அதற்கு முன் நிமிஷக் கணக்கு, சொருகுவதற்கு ஒரு கட்டணம் என்று ஆளுக்கொரு முறை. எடை போட்டுத் தராமல் ‘ஒரு குவியல் இவ்வளவு’ என்று விற்ற கதைதான். 8 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள புது முனைகளில் வங்கி அட்டையைத் தொட்டுப் பணம் கட்டும் வசதி கட்டாயம் என்பது இன்னொன்று. 5 கிலோவாட் விளக்குக் கம்பம் இதில் அகப்படாது. செல்போனில்தான் கட்ட வேண்டும். செல்போன் பழக்கமில்லாத முதியவருக்கு இது இடைஞ்சல்.

கடை வாசலை யார் எடுத்துக்கொள்வது?

டூட்டிங், ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கமெல்லாம் நம் தமிழர்கள் மளிகைக் கடை நடத்துகிறார்கள். அத்தகைய தெருக்களில் கடைக்காரரின் முதல் கேள்வி கரண்டைப் பற்றி இருக்காது, வாசலைப் பற்றித்தான் இருக்கும். அரிசி மூட்டை இறக்க வேன் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் பத்து நிமிஷம் நிறுத்தி வாங்கிப் போக வேண்டும். அந்த இடத்தில் தனித் தூண் நட்டு, ‘மின்சாரக் கார் மட்டும்’ என்று கோடு போட்டுவிட்டால் ஒரே வண்டி ஆறு மணி நேரம் நிற்கும். ஆறு மணி நேரத்தில் அந்த இடத்துக்கு முப்பது வாடிக்கையாளர் வந்து போயிருப்பார்களே!

விளக்குக் கம்ப முறையில் பெரும்பாலும் இடத்தை ஒதுக்குவதில்லை. யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். கடைக்காரருக்கு இது நிம்மதி. சார்ஜ் தேவைப்படுகிறவருக்கோ அவஸ்தை, பெட்ரோல் கார் கம்பத்தை மறித்து நிற்கும். நியூயார்க்கில் இதே தொல்லை வேறு விதமாக வந்தது. அங்கே 2021-இல் மாநகரப் போக்குவரத்துத் துறையும் கான் எடிசன் மின் கம்பெனியும் சேர்ந்து தெருவோரத்தில் பொதுமக்களுக்கு 100 முனைகள் வைத்தன. இடத்தை ஒதுக்கிப் பலகையும் வைத்தார்கள். முனைகள் நன்றாகவே ஓடின. ஆனாலும் பெட்ரோல் கார்கள் வந்து மறித்தன. அபராதம் போட ஆள் வராத தெருவில் பலகையை யார் மதிக்கிறார்கள்?

நியூயார்க் செய்த ஒரு காரியம் நல்ல யோசனை. பகலில் மணிக்கு 2 டாலர் 50 சென்ட், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மணிக்கு 1 டாலர் என்று விலை வைத்தார்கள். பகலில் வேலை முடிந்தவர் சீக்கிரம் எடுத்துப் போவார், இரவில் குடியிருப்பவர் நிம்மதியாக நிறுத்துவார். கடைத்தெருவுக்குப் பொருத்தமான விலை இது. கடை திறந்திருக்கும் நேரத்தில் இடம் புரள வேண்டும், கடை மூடியபின் இடம் தூங்கலாம்.

ஆம்ஸ்டர்டாம் நகரம் வேறு வழியில் போனது. அங்கே சொந்த இடமில்லாத குடியிருப்பாளர் மின்சாரக் கார் வாங்கியதும் நகரத்துக்கு விண்ணப்பிக்கலாம். பக்கத்தில் நடக்கும் தூரத்தில் முனை இல்லையென்றால் புதிதாக ஒன்று வைப்பார்கள். தூண் அவர் பெயரில் இருக்காது, எல்லாருக்கும் பொது. ஆர்டர் வந்த பிறகு சரக்குக் கொள்முதல் செய்வது போல. தேவையில்லாத தெருவில் தூண் துருப்பிடித்து நிற்காது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் அடுப்பும் விளக்கும் எரிகிற நேரத்தில் சார்ஜ் வேகத்தைக் குறைத்து, மற்ற நேரத்தில் கூட்டிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் அந்த ஊர் 2017 முதல் சோதித்து வந்திருக்கிறது.

வேன் வைத்திருப்பவர் கவனத்துக்கு

கடைக்கு மேலே குடியிருந்து, வேனைத் தெருவில் நிறுத்தி, விடியற்காலை மொத்த மார்க்கெட்டுக்குப் போகிற லண்டன் சிறு வியாபாரிக்குத்தான் இது அன்றாடப் பிரச்சினை. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் புகை விதி அமலுக்கு வந்துவிட்டது. விதிக்கு உட்படாத பழைய டீசல் வேன் ஓடும் ஒவ்வொரு நாளும் 12 பவுண்டு 50 பென்ஸ் கட்ட வேண்டும். நகர மையத்துக்குள் நுழையும் நெரிசல் கட்டணத்திலிருந்து மின்சார வண்டிகளுக்கு இருந்த முழுச் சலுகை 2025 டிசம்பரில் முடிந்தது. 2026 ஜனவரி 2 முதல் அந்தக் கட்டணம் 18 பவுண்டு. தானாகக் கழிக்கும் கணக்கில் பதிவு செய்த மின்சார வேனுக்கு அதில் பாதி தள்ளுபடி, காருக்குக் கால் பங்கு. மின்சாரத்துக்கு மாறு என்று இரண்டு பக்கமும் தள்ளுகிறார்கள். மாறினால் இரவில் எங்கே சொருகுவது என்ற கேள்விக்குப் பல தெருக்களில் இன்னும் பதில் இல்லை. வேன் காரைவிட அதிகம் ஓடும், அதிகம் இழுக்கும். அதற்கு வாரம் ஓர் இரவு போதாது.

நம் தெருவில்

நம் ஊரில் முதலில் வருவது கார் அல்ல, ஸ்கூட்டர். ஒசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அவை தயாராகின்றன, நம் கடைகளில் டெலிவரிக்கும் ஓடுகின்றன. ஒரு ஸ்கூட்டரின் பேட்டரி சுமார் 3 யூனிட்தான். சாதாரண பிளக் போதும். ஆகவே விளக்குக் கம்பம் வரைக்கும் போக வேண்டிய அவசியம் இல்லை. கடைச் சுவரே போதும். சார்ஜ் ஏற்றித் தருவது மின்சார விற்பனை அல்ல, அது ஒரு சேவை, அதற்கு மின்சாரச் சட்டப்படி தனி லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே விளக்கம் கொடுத்துவிட்டது. இருந்தாலும், வெளி வண்டிகளுக்கு ஏற்றித் தர நினைக்கும் உறுப்பினர்கள் தங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு, எந்தக் கட்டண வகையில் வரும் என்பதைப் பகுதி மின் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இதோடு தொடர்புள்ள ஒரு செய்தி நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து. அங்கே தொடங்கிய ‘இட்ஸ் எலெக்ட்ரிக்’ என்ற கம்பெனி, தெருவைத் தோண்டி மின்வாரியக் கேபிளைத் தேடாமல், பக்கத்துக் கட்டடத்தில் மிச்சமிருக்கும் கரண்டையே எடுத்துத் தெருவோரத் தூணுக்குக் கொடுக்கிறது. வருகிற வருமானத்தில் ஒரு பங்கு கட்டடத்துக்கு. கேபிளை வண்டிக்காரரே கொண்டுவர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பங்கு போவது கட்டடச் சொந்தக்காரருக்கு. கீழே வாடகைக்குக் கடை வைத்திருப்பவர் வாசலில் தூண் நிற்கும், கார் நிற்கும், பணம் மேலே போகும். இப்படி ஓர் ஏற்பாடு நம் பக்கம் வருமானால், வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் உறுப்பினர்கள் மூன்று விஷயங்களைக் கட்டட உரிமையாளரிடம் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மீட்டர் யார் பேரில், வாசலில் தூண் வைக்க யார் சம்மதம் தேவை, சரக்கு இறக்கும் நேரத்தில் அந்த இடம் யாருக்கு.